அழித்துவிட்ட ஒன்பதாவது கேள்வி

அமுதவல்லி வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குக் கிடைத்த முதல் அறிவுரை, படிக்காதே என்பதுதான்.

"படிச்சா ஸ்பீடு வராதும்மா. கண்ணால பாரு, கையால அடி, அடுத்த பக்கத்துக்குப் போ" என்றார் டீம் லீடர் தட்சணாமூர்த்தி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார். புதுச்சேரியில் இருந்த எங்கள் கம்பெனி, வெளிநாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை எங்களிடம் வரும். அதை நாங்கள் கம்ப்யூட்டரில் அடித்து, கணிதக் குறிகளை உரிய இடத்தில் உட்காரவைத்து, அச்சுக்கு ஏற்றபடி திருப்பி அனுப்புவோம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது எங்கள் கவலை இல்லை.

நான் மேரிசெல்வி. அவளுக்கு அடுத்த மெஷினில் நாலரை வருஷம் உட்கார்ந்திருந்தவள். அந்த நாலரை வருஷத்தில் அரைப் பக்கம் ஒன்றைத் தவிர எந்தக் கட்டுரையையும் நான் படித்தது கிடையாது.

அமுதா படித்தாள். ஸ்பீடும் குறையவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கே ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் மரக்காணத்துப் பெண். அப்பா அரசப்பன், அம்மா ஆராயி, இரண்டு பேருமே உப்பளத்துக் கூலிகள். திண்டிவனத்தில் பி.எஸ்சி. கணிதம் முடித்து, எம்.எஸ்சி.க்கு இடமும் கிடைத்திருந்தது. 2002ஆம் வருஷக் கோடையில் அரசப்பன் அளத்திலேயே மயங்கி விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதமே இவள் எங்கள் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். எம்.எஸ்சி. இடம் கிடைத்த கதையை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆராயி அம்மாதான் என்னிடம் சொன்னார்.

வேன் காலையில் மரக்காணத்தில் கிளம்பும். நான் கூனிமேட்டில் ஏறுவேன். அவள் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருப்பாள். மடியில் ஒரு நோட்டு இருக்கும். முந்தின நாள் அடித்த கட்டுரையிலிருந்து இரண்டு மூன்று வரிகளை எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டே வருவாள்.

"இன்னாடி இது, வீட்டுப் பாடமா?" என்பேன்.

"சும்மாதான்டி" என்று மூடிவிடுவாள்.

எங்கள் வேலையில் 'க்வெரி' என்று ஒன்று உண்டு. கட்டுரையில் ஏதாவது விட்டுப்போயிருந்தால், ஒரு படத்துக்கு எண் இல்லை, ஒரு மேற்கோளுக்கு வருஷம் இல்லை என்பது போல, அதை எண் போட்டு வரிசையாகக் கேள்விகளாக எழுதி, சரிபார்க்க அனுப்பும் ப்ரூஃபின் முன்பக்கத்தில் வைத்து ஆசிரியருக்கு அனுப்புவோம். கமா, வருஷம், படம், இவ்வளவுதான் கேட்கலாம். கணக்கைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று எழுதப்பட்ட விதி ஒன்றும் இல்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

2004 அக்டோபரில் அமுதா கேட்டாள். ஒரு கட்டுரையில் இரண்டு எழுத்துகள் இடம் மாறி இருப்பதாக அவளுக்குத் தோன்றி, "இங்கே வரிசை சரிதானா, பார்க்கவும்" என்று ஒரு க்வெரி போட்டுவிட்டாள். வரிசை சரியாகத்தான் இருந்தது. தவறாகப் புரிந்துகொண்டது இவள். கட்டுரை எழுதியவர் கோபப்பட்டுப் பத்திரிகைக்கு எழுதினார். பத்திரிகைக்காரர்கள் அதை எங்கள் கம்பெனிக்குத் தள்ளினார்கள். ஷிப்டு மாறும் நேரத்தில் நாற்பது பேரை நிற்கவைத்துத் தட்சணாமூர்த்தி அந்தக் கடிதத்தைப் படித்தார்.

"உங்க ஆளுங்க எழுத்தைக் கோத்தா போதும், யோசிக்க வேணாம்னு எழுதியிருக்காரு. யாரும்மா அந்த சயின்டிஸ்ட்? கொஞ்சம் கையைத் தூக்கு, எல்லாரும் பாக்கட்டும்."

அமுதா கையைத் தூக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடல் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் வேலையில் இல்லை. ஆராயி அம்மா குடியிருந்த தெரு கரையிலிருந்து தள்ளி இருந்ததால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கழிமுகத்து வழியாக ஏறிய தண்ணீர் அவர் வேலை பார்த்த அளத்தின் வரப்புகளை உடைத்து, பாத்திகளில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. பொங்கல் முடிந்ததும் பாத்தியின் தரையை மிதித்துக் கெட்டியாக்க ஆள் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் கூப்பிடவில்லை. குப்பத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கும்போது வேலை போனதைச் சொல்லி அழக் கூடாது என்று ஆராயி அம்மா வாயைத் திறக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அமுதாவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அந்த நிலைமையில்தான், 2005 மார்ச்சில், ஹெல்வி ரான்டாலாவின் கட்டுரை அவளிடம் வந்தது.

ஃபின்லாந்து நாட்டு அம்மையார். அறுபத்தெட்டு வயது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். டைப் அடித்த பக்கங்களின் மேலே பேனாவால் திருத்தங்கள், ஓரத்தில் அம்புக்குறிகள், சில இடங்களில் ஒட்டுக் காகிதங்கள். அதைப் பார்த்ததும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அமுதா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். மற்ற வேலைகளுக்கு நடுவே அதற்கு நாலு வாரம் ஆயிற்று. அந்த நாலு வாரமும் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "அப்படி இன்னாதாண்டி இருக்குது அதுல?"

அவள் டிபன் பாக்ஸ் மூடியைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"மூணை அஞ்சால பெருக்குனாலும் அஞ்சை மூணால பெருக்குனாலும் பதினஞ்சுதானே? இந்தக் கணக்குல அப்படி கிடையாது. எது முன்னாடி, எது பின்னாடிங்கறது இருக்குது."

"அது எப்படி?"

"ஒரு எலக்ட்ரான் இருக்குது. பெரிய காந்தத்துக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. அதைக் கிழக்கால ஒரு அடி தள்ளிட்டு, அப்புறம் வடக்கால ஒரு அடி தள்ளு. இல்லாட்டி முதல்ல வடக்கால, அப்புறம் கிழக்கால. ரெண்டு வழியிலயும் அதே எடத்துக்குத்தான் வந்து சேரும். ஆனா அதே மாதிரி வந்து சேராது. அதோட அலை ஒரு துளி நகர்ந்திருக்கும். அந்தத் துளிக்குத்தான் இவங்க லாம்டான்னு ஒரு எழுத்து வச்சிருக்காங்க. வரிசையை மாத்துனா ஒரு லாம்டா போடணும். போடாம மாத்தக் கூடாது."

"சரி, போட்டுக்கோ."

"கேளுடி. கிழக்கும் வடக்கும் இப்படி ஒத்துப்போவாத எடத்துல, நாம படிச்ச ஜியாமெட்ரி உதவாது. அங்க புள்ளியே கிடையாது. புள்ளி இல்லாமலே ஒரு ஜியாமெட்ரி பண்ணி வச்சிருக்காங்க."

"புள்ளி இல்லாம கோலமே போட முடியாது. இவங்க ஜியாமெட்ரி போட்டுட்டாங்களாக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் போல மிச்சத்தைச் சொன்னாள்.

எனக்குப் புரிந்த அளவில் அது இதுதான். மெல்லிய ஒரு தகட்டைக் கடுங்குளிரில் காந்தத்துக்கு நடுவே வைத்து, அதன் வழியே மின்சாரம் விட்டு, குறுக்கே அளந்தால், கிடைக்கும் எண் முழு எண்ணாகவே வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. அரைகுறையாக வருவதில்லை. தகட்டில் அழுக்கு இருந்தாலும், அணுக்கள் கலைந்து கிடந்தாலும் அப்படித்தான். ஏன் என்பதற்கு, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் தனித்தனியே ஓடுவதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளியில்லாத ஜியாமெட்ரி பதில் சொல்லிவிடுகிறது. ஆனால் நிஜத்தில் எலக்ட்ரான்கள் அப்படி இருப்பதில்லை. கோடிக் கணக்கில் நெருக்கியடித்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கூட்டத்துக்கும் அதே பதில் செல்லும் என்று நிரூபித்திருப்பதாக ரான்டாலா அம்மையார் எழுதியிருந்தார். பதினோரு வருஷம் தனியாகச் செய்த வேலை என்று முன்னுரையில் ஒரு வரி இருந்தது.

"ஒரு எலக்ட்ரானுக்கு ஒரு லாம்டா. கூட்டத்தையே ஒண்ணா தள்ளுனா, எத்தனை பேரோ அத்தனை லாம்டாவையும் பெருக்கணும்" என்றாள் அமுதா. "N பேருன்னா, லாம்டா தலை மேல சின்னதா ஒரு N. பக்கத்துக்குப் பத்து தடவை அடிக்கிறேன். கனவுல கூட வருது."

ஒரு புதன்கிழமை காலை அவள் என் நாற்காலியைப் பிடித்து இழுத்தாள்.

"மேரி, இங்க பாரேன்."

கையெழுத்துப் பிரதியின் அறுபத்தோராம் பக்கம். நான்கு புள்ளி பதினேழு என்று எண்ணிட்ட சமன்பாடு. லாம்டா இருந்தது. தலை மேல் N இல்லை.

"விட்டுப்போச்சு போல. சேத்துடு" என்றேன்.

"விட்டுப்போனது மட்டும்னா பரவாயில்ல. கீழ பாரு, அடுத்த நாலு வரியும் N இல்லாமலேதான் போவுது. இந்த லாம்டா, ஒண்ணுங்கற எண்ணுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குது, அதனால வித்தியாசம் சின்னது, தள்ளிடலாம்னு சொல்றாங்க. ஒரு ஆளுன்னா சரி. N ஆளுன்னா அந்தச் சின்னது பெருகிக்கிட்டே போவும்டி. தள்ள முடியாது."

"நீ போன தடவையும் இப்படித்தான் சொன்ன."

அவள் என் நாற்காலியை விட்டுவிட்டாள். திரும்பிப் போய் ஒரு க்வெரி அடித்தாள். 'சமன்பாடு 4.17: லாம்டாவின் மேல் N வர வேண்டுமா என்று அன்புகூர்ந்து பார்க்கவும்.' அதற்கு முன் எட்டு க்வெரிகள் இருந்தன. எல்லாம் கமாவும் வருஷமும். இது ஒன்பதாவது.

புதன், வியாழன் இரண்டு நாளும் அது பட்டியலில் இருந்தது. வேனில் வரும்போதும் போகும்போதும் நோட்டில் அந்த நாலு வரியையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மதியம் தட்சணாமூர்த்தி வந்து, "ஃபின்லாந்து பாட்டி ஃபைலை இன்னிக்கு அனுப்பணும்மா. க்வெரி எல்லாம் ஒழுங்காத்தானே இருக்குது?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இருக்குது சார்" என்றாள்.

அவர் போன பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னாடி பண்ணட்டும்? கேக்கட்டுமா?"

நான் அப்போது சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். "விடுடி. போன தடவை பட்டது பத்தாதா? உங்கம்மாவுக்கு அளமும் இல்ல. பதினோரு வருஷம் உக்காந்து எழுதுன அம்மாவுக்குத் தெரியாதது, ஒரு மாசம் டைப் அடிச்ச உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

அவள் க்வெரிப் பட்டியலைத் திரையில் திறந்தாள். பிறகு ஒன்பதாவது க்வெரியை அழித்தாள். ஃபைல் எட்டு க்வெரிகளோடு போயிற்று.

மூன்று வாரத்தில் ப்ரூஃப் திருத்தப்பட்டு வந்தது. எட்டுக்கும் பதில் இருந்தது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு கமாவை எடுக்கச் சொல்லியிருந்தார். அடியில், அதே பேனாவால், "இதை அமைத்தவருக்கு என் நன்றி. இவ்வளவு சுத்தமான ப்ரூஃபை நான் கண்டதில்லை. இது ஒரே ஒருவருடைய கைவேலை என்று தெரிகிறது" என்று எழுதியிருந்தார். தட்சணாமூர்த்தி அதை நகல் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். நாற்பது பேரும் கை தட்டினார்கள். அமுதா பாத்ரூமுக்குப் போய்விட்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆகஸ்டில் கட்டுரை அச்சாயிற்று. நாங்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டோம். அடுத்த வருஷம் அளத்தைச் சீர்செய்து ஆள் கூப்பிட ஆரம்பித்தார்கள், ஆராயி அம்மாவும் மறுபடி பாத்தி மிதிக்கப் போனார். அமுதா ரான்டாலாவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

2006 மே மாதம் அதே பத்திரிகையிலிருந்து ஒரு சிறிய பொட்டலம் வந்தது. இரண்டு உருப்படிகள். ஒன்று, வேறொரு நாட்டுக்காரர் எழுதிய நாலு பக்க மறுப்பு. ரான்டாலாவின் நான்கு புள்ளி பதினேழாம் சமன்பாட்டில் லாம்டாவின் மேல் N விட்டுப்போயிருக்கிறது, அதைச் சேர்த்தால் தள்ளிவிட்ட சின்ன வித்தியாசம் துகள்களின் எண்ணிக்கையோடு பெருகிவிடுகிறது, ஆகவே நிரூபணம் நிற்காது என்று அதில் இருந்தது. இரண்டாவது, ரான்டாலாவின் பதில். அரைப் பக்கம்.

பழைய கட்டுரையை அமைத்தவளிடமே கொடுத்தால் வேலை எளிது என்று தட்சணாமூர்த்தி அதை அமுதாவிடம் கொடுத்தார். அவள் மறுப்பை ஒரு தவறும் இல்லாமல் அடித்து முடித்தாள். பதிலை அடிக்க ஆரம்பித்தவள் பாதியில் கையை எடுத்துவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். முதல் தடவையாக ஒரு கட்டுரையைப் படித்தேன்.

"மறுப்பு சரியானது. அச்சுக்கு முன் பத்திரிகைக்காக இந்தக் கட்டுரையைப் படித்த இரண்டு மதிப்பீட்டாளர்களும் நானும், ஆக மூன்று பேரும், இந்த வரியைக் கவனிக்காமல் கடந்திருக்கிறோம். அவர்கள் மேல் குறை இல்லை. தவறு என்னுடையது. தேற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதைச் சரிசெய்ய முடியுமா என்று தெரியவில்லை. சென்ற குளிர்காலம் முதல் என் பார்வை மிகவும் மங்கிவிட்டது."

"மூணு பேரு இல்லடி" என்றாள் அமுதா. மிச்சத்தை அடித்து முடித்து, சரிபார்த்து, அனுப்பிவிட்டு, நேராகத் தட்சணாமூர்த்தியின் மேஜைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"சார், அந்த வரியை நான் அன்னிக்கே பாத்தேன். க்வெரியும் போட்டேன். அப்புறம் அழிச்சிட்டேன்."

"ஏம்மா அழிச்ச?"

"அதுக்கு முந்தின அக்டோபர்ல நீங்க எல்லார் முன்னாடியும் அந்தக் கடிதத்தைப் படிச்சீங்களே சார். திரும்பவும் அப்படி ஆயிடுமோன்னு பயம்."

தட்சணாமூர்த்தி நெற்றியைச் சுருக்கினார். "நானா? எந்தக் கடிதம்?"

அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அவள் சொல்லச் சொல்ல, நினைவுக்கு வந்தது போலவும் வராதது போலவும் இருந்தது அவர் முகம். "ஏதோ சிரிப்புக்குச் சொல்லியிருப்பேன்மா" என்றார் கடைசியில். பிறகு, "இப்ப இன்னா பண்ண முடியும்?"

"அந்தம்மாவுக்கு எழுதப்போறேன்."

"நாம நேரடியா எழுதக் கூடாது. தெரியும்ல?"

"கம்பெனி பேர்ல இல்ல சார். என் பேர்ல, என் வீட்டு விலாசத்துல."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

கடிதத்தை அவள் மூன்று தடவை எழுதினாள். ஆங்கிலத்தைப் பார்த்துச் சொல் என்று கடைசிப் பிரதியை என்னிடம் கொடுத்தாள். தான் யார், எங்கிருந்து எழுதுகிறேன், பார்த்தது என்ன, எழுதியது என்ன, அழித்தது எப்படி எல்லாம் இருந்தது. 'வேலை போய்விடும் என்று பயந்தேன்' என்று இருந்தது. அம்மாவைப் பற்றி, கடல் வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் என் பெயரைத் தேடினேன். இல்லை. 'விடு' என்று ஒரு தோழி சொன்னாள் என்றுகூட இல்லை. சேர்த்து எழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

ஜூலையில் பதில் வந்தது. பெரிய பெரிய எழுத்தில், வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருந்தன.

"நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் ஒரு சாயங்காலம் முழுக்கக் கோபமாக இருந்திருப்பேன். மறுநாள் வேலையைத் தொடங்கியிருப்பேன். அப்போது என் கையெழுத்தை நானே படிக்க முடிந்தது. இப்போது முடியவில்லை. உங்களைப் புண்படுத்த இதை எழுதவில்லை. நீங்கள் எனக்கு உண்மையை எழுதினீர்கள், நானும் உண்மையை எழுதுகிறேன்." அதன் கீழே: "இந்த வேலையின் இரண்டாம் பகுதி நாற்பது பக்கம் என்னிடம் இருக்கிறது. எங்கும் அனுப்பாதது. அதை உங்களுக்கு அனுப்புகிறேன். எங்கெல்லாம் கேள்வி கேட்கத் தோன்றுகிறதோ அங்கெல்லாம் கேளுங்கள். ஒன்றையும் அழிக்க வேண்டாம்."

மன்னித்தேன் என்று எங்காவது இருக்கிறதா என்று அமுதா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இல்லை. ஆனாலும் கடிதத்தை எடுத்துக்கொண்டு அளத்துக்கே போய் ஆராயி அம்மாவிடம் காட்டினாளாம். "இன்னா எழுதியிருக்குது?" என்று அவர் கேட்டதற்கு, "கேள்வி கேளுன்னு எழுதியிருக்காங்கம்மா" என்றாளாம். "கேளேன், அதுக்கின்னா?" என்று சொல்லிவிட்டு அவர் உப்பு வாரப் போய்விட்டார்.

ஆகஸ்டு நடுவில் நாற்பது பக்கமும் வந்து சேர்ந்தன. அங்கேதான் அவள் இரண்டாவது தவறைச் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படித்தாள். செப்டம்பர் முதல் வாரத்திலேயே ஏழு கேள்விகள் தேறிவிட்டன. அனுப்பவில்லை. ஒரு கேள்வி முட்டாள்தனமாக இருக்குமோ என்று கிழித்துப் போட்டாள். வேறு மாதிரி எழுதினாள். அதையும் கிழித்தாள். நான் இந்தத் தடவை மாற்றிச் சொன்னேன்.

"அனுப்புடி. ஏழு இருந்தா ஏழை அனுப்பு. மிச்சம் அப்புறம் அனுப்பிக்கலாம்."

"அரைகுறையா அனுப்புனா இன்னா நினைப்பாங்க? முழுசா படிச்சிட்டு அனுப்புறேன்."

"அவங்கதான் கேளுன்னு சொல்லிட்டாங்களே."

"அதனாலதாண்டி பயமா இருக்குது."

கேள்விகள் பதினொன்று ஆயின. அக்டோபர் ஒன்பதாம் தேதி, முதல் மழை பெய்து விட்டிருந்த காலையில், லீவு போட்டு மரக்காணம் தபாலாபீசில் சேர்த்தாள். மறுநாள் வேனில் ஏறியபோது நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல இருந்தாள். ஃபின்லாந்தில் இப்போது என்ன குளிர் இருக்கும், அங்கே மழை பெய்யுமா, பனிதான் பெய்யுமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

டிசம்பரில் ஒரு கவர் வந்தது. கையெழுத்து வேறு. ரான்டாலாவின் அண்ணன் மகள் எழுதியிருந்தார். அத்தை நவம்பர் பதினேழாம் தேதி இறந்துவிட்டார். "உங்கள் கேள்விகளை நான்தான் படித்துக் காட்டினேன். அக்டோபர் கடைசியில் அவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஒரு நாளுக்கு ஒரு கேள்வி போதும் என்று சொல்லிவிட்டார். சில நாட்கள் அதற்கும் முடியவில்லை. ஆறாவது வரை வந்தோம். எனக்குக் கணிதம் தெரியாது. அவர் சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி வாரங்களில் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது இதை ஒன்றைத்தான்."

இணைப்பில் ஒரே ஒரு தாள். முதல் நாலு கேள்விகளுக்கும் பதில் இருந்தது, ஒன்றிரண்டு வரிகளில். ஐந்தாவதற்கு, "இவள் சொல்வது சரி. மாற்ற வேண்டும்" என்று இருந்தது. ஆறாவது கேள்விக்கு எதிரே, "இது நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன்."

அமுதா அதைக் கம்பெனியில்தான் என்னிடம் காட்டினாள். அழவில்லை. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, செப்டம்பர் முதல் வாரத்தில் அனுப்பியிருந்தால் எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்திருக்கும், நாளுக்கு ஒன்று என்றால் எந்தத் தேதியில் முடிந்திருக்கும் என்று விரலால் எண்ணிப் பார்த்தாள். அந்த ஏழும் செப்டம்பரிலேயே முடிந்திருக்கும். மருத்துவமனைக்குப் போவதற்கு முன்னால், வீட்டில், ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து முடித்திருப்பார்.

"நான் அன்னிக்கு விடுன்னு சொல்லியிருக்கக் கூடாது அமுதா" என்றேன். ஒன்றரை வருஷத்துக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது.

"நீ சொன்ன. அழிச்சது நான்தானே" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வேனில் திரும்பும்போது மழை. கூனிமேடு நெருங்கும்போது கேட்டேன். "அந்தம்மா சொன்னது தப்புன்னு ஆயிடுச்சா அப்ப?"

"நிரூபணந்தான் தப்பு. சொன்னது தப்பா சரியான்னு யாரும் இன்னும் காட்டலைடி. அழுக்கா இருந்தாலும், ஒண்ணையொண்ணு தள்ளுனாலும், அளந்தா முழு எண்ணுதான் வருது. அது பாட்டுக்கு வந்துக்கிட்டுதான் இருக்குது. ஏன்னு அவங்க பாதி தூரம் போயிருந்தாங்க."

"நீ மிச்சத்தைப் பாக்கலாமே."

"எனக்கு அவ்வளவு கணக்குத் தெரியாது" என்றாள். தன்னைத் தாழ்த்திச் சொல்லவில்லை. அது உண்மைதான். தெரிந்துகொள்ள வேண்டிய வயதில் எங்கள் கம்பெனியில் உட்கார்ந்து எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தாள்.

மறுப்பு எழுதிய அந்த வெளிநாட்டுக்காரருக்கு நாற்பது பக்கத்தையும் அனுப்பினால் என்ன என்று நான்தான் யோசனை சொன்னேன். அவை தன்னுடையவை அல்ல, அண்ணன் மகளிடம் கேட்காமல் அனுப்பக் கூடாது என்றாள். கேட்டு எழுதிய கடிதத்தை மறுநாளே பெட்டியில் போட்டாள், வரைவுகூட எழுதவில்லை. வருஷம் முடியும்வரை அதற்குப் பதில் வரவில்லை.

அவளை க்வெரி பார்க்கும் பிரிவுக்கு மாற்றலாம் என்று தட்சணாமூர்த்தி மேலிடத்தில் பேசிப் பார்த்தார். கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்கும் பிரிவு என்று ஒன்று எங்கள் கம்பெனியில் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். அமுதா அதே மெஷினில்தான் இருந்தாள். வேனில் நோட்டை மட்டும் எடுப்பதில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டு, கூனிமேடு வந்ததும் எனக்காக நகர்ந்து இடம் விடுவாள்.